யாழ்ப்பாணமா, கொழும்பா, நேரே சட்டக்கல்லூரியா? சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் நிரப்பும் நாட்களில், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகும் பிள்ளைகளின் வீடுகளில் பெரிய விவாதம் நடப்பதில்லை. சட்டத்துக்குப் போக விரும்பும் பிள்ளையின் வீட்டில்தான் பேச்சு இரவு வரை நீள்கிறது. மாமா ஒருவர் கொழும்பு என்பார். சின்னம்மா, யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலேயே பல்கலைக்கழகம் இருக்க, பெண்பிள்ளைக்கு நானூறு கிலோமீற்றர் எதற்கு என்பார். கனடாவிலிருந்து தொலைபேசியில் வரும் பெரியப்பாவோ, பட்டமெல்லாம் பிறகு பார்க்கலாம், நேரே சட்டக்கல்லூரிக்கு விடுங்கள், பிள்ளை சீக்கிரம் கறுப்புக் கோட்டுப் போட்டுவிடும் என்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவரும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சட்டமாணிப் பட்டம் பெற்றவர் சட்டத்தரணி ஆகிவிடுவதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், நீதிமன்றத்தில் தோன்ற வேண்டுமானால் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கைச் சட்டக்கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைந்து, ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். 1874இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்குச் சுற்றுவழி கிடையாது. எனவே 'எங்கே படித்தால் சட்டத்தரணி ஆகலாம்' என்ற கேள்விக்கு எல்லா இடமும் ஒரே பதில்தான். சட்டக்கல்லூரிக்கு முன் நான்கு ஆண்டுகளைப் பல்கலைக்கழகத்தில் செலவிடுவதா, செலவிட்டால் அந்த நான்கு ஆண்டில் பிள்ளை எதைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

பெரியப்பா சொல்லும் வழி மிகக் குறுகியது. உயர்தரத்துக்குப் பிறகு சட்டக்கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுதலாம். மொழி ஒரு வினாத்தாள், பொது அறிவும் நுண்ணறிவும் இன்னொன்று. தேறினால் மூன்று ஆண்டுப் படிப்பு, பிறகு ஆறு மாதப் பயிற்சி. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் யாழ்ப்பாண நீதிவான் நீதிமன்றத்தில் பிணை விண்ணப்பத்துக்கு எழுந்து நிற்கலாம். குடும்பத்துக்கு உழைப்பு அவசரமாகத் தேவைப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அரச பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிகளுக்கு நுழைவுப் பரீட்சை இல்லையென்றாலும், பட்டத்தின் வழியே வருகிறவர் அதே இடத்துக்குச் சில ஆண்டுகள் பிந்தியே வருகிறார்.

ஆனால் சட்டக்கல்லூரி தொழிலுக்குப் பயிற்றும் இடம். தீர்ப்பு என்ன சொல்கிறது என்று கற்பிக்கும். அந்தத் தீர்ப்பு சரியா, வேறு நாட்டில் இதே சிக்கலை எப்படித் தீர்த்தார்கள், இந்தச் சட்டத்தால் இழந்தவர் யார் என்று மாதக்கணக்கில் ஒரு கேள்வியோடு உட்கார அங்கே நேரம் கிடையாது. விரிவுரையாளராக வேண்டும், வெளிநாட்டில் முதுமாணி செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் வகுப்புச் சித்தியோடு கூடிய பட்டம் தேவைப்படும். சட்டக்கல்லூரியை முடித்துவிட்டுப் பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் செய்கிறவர்கள் உண்டு. வழக்குகள் கையில் குவியத் தொடங்கிய பிறகு புத்தகத்துக்குத் திரும்புவது எத்தனை பேரால் முடிகிறது என்பதை எந்த மூத்த சட்டத்தரணியிடமும் கேட்டுப் பாருங்கள்.

இடத்தைப் பற்றிப் பேசுமுன் மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் இது பாதித் தீர்மானம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நீதிமன்ற மொழி தமிழ். ஏனைய மாகாணங்களில் சிங்களம். மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தீர்ப்புகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகின்றன. ஆகவே பருத்தித்துறையில் ஒரு காணி வழக்கு நடந்தால் முறைப்பாடும் சாட்சியமும் தமிழில் இருக்கும். அதே வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனால் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும். அதே சட்டத்தரணி நீர்கொழும்பு நீதிவான் நீதிமன்றத்துக்கு ஒரு கட்சிக்காரருக்காகப் போனால் சிங்களம் தெரியாமல் திணறுவார். சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட விதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. அதனால் தமிழில் எழுதும் வாய்ப்பு தப்பிப் பிழைத்தது. பிழைத்ததை நான் வரவேற்றேன். ஆனால் அந்த வாய்ப்பை நம்பி ஆங்கிலத்தைத் தள்ளிவைக்கும் பிள்ளை, மாவட்ட நீதிமன்ற வாசலோடு நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இனிக் கொழும்பு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் ஒரு தனிப் பீடம். பொதுச் சட்டமும் சர்வதேசச் சட்டமும், தனியார் சட்டமும் ஒப்பீட்டுச் சட்டமும், வர்த்தகச் சட்டம் என்று தனித்தனித் துறைகள் இருக்கின்றன. பீடம் என்றால் ஆசிரியர் தொகை, விருப்பப் பாடங்களின் விரிவு, நூலகத்துக்கு ஒதுக்கும் பணம் எல்லாமே வேறு அளவில் இருக்கும். கடல் சட்டமோ புலமைச் சொத்துச் சட்டமோ கம்பனிச் சட்டமோ ஆழமாகப் படிக்க வேண்டுமானால், அதை மட்டுமே பல ஆண்டுகளாகக் கற்பிக்கும் ஒருவர் அங்கே இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டமா அதிபர் திணைக்களமும் பஸ்ஸில் போய் வரும் தூரம். அடிப்படை உரிமை மனு ஒன்று எப்படி விவாதிக்கப்படுகிறது என்று நேரில் பார்க்க விரும்பினால் கொழும்பில்தான் பார்க்க முடியும். அந்த மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. பெரிய சட்ட நிறுவனங்களில் விடுமுறைக் காலப் பயிற்சி, மாதிரி நீதிமன்றப் போட்டிகள், மூத்த மாணவர்களின் தொடர்பு ஆகியவையும் அங்கே எளிது.

வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளை, தமிழ்க் கடை, தமிழ்ச் சாப்பாடு, கோயில் என்று ஊர்போலவே வாழ்ந்துவிடலாம். அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நான்கு ஆண்டு கொழும்பில் இருந்துவிட்டுச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் திரும்பினால், கொழும்பு தரக்கூடிய மிகப் பெரிய லாபத்தைத் தவறவிட்டதாகவே அர்த்தம். கொழும்பைத் தேர்வதானால் அந்த மொழிக்காகவும் தேருங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் தனிப் பீடம் அல்ல. கலைப்பீடத்துக்குள் இருக்கும் ஒரு துறை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறை உண்மைதான். துறை சிறியதானால் ஒரு விரிவுரையாளர் வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போனாலே ஒரு பாடம் தள்ளாடும். விருப்பப் பாடங்கள் குறைவாக இருக்கும். இந்த மண்ணின் வரலாற்றில் இன்னொரு முரணும் உண்டு. பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் இடத்தில். இராமநாதன் சட்டத்தரணி, சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர், பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அச்சிட்டவர். அப்படிப்பட்டவரின் வளவில் உருவான பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதனால் கொழும்பிடம் இருக்கும் பழைய மாணவர் வலையமைப்பு யாழ்ப்பாணத்துக்கு இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இத்தனையும் தெரிந்துகொண்டே சொல்கிறேன்: ஆய்வு என்ற ஒன்றை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு யாழ்ப்பாணமே முதல் இடம். ஊர்ப்பற்றால் இதைச் சொல்லவில்லை. சட்ட ஆய்வின் மூலப்பொருள் நூலகத்தில் மட்டும் இருப்பதில்லை. வழக்கேட்டிலும் காணி உறுதியிலும் காணிப் பதிவகத்திலும் நொத்தாரிசின் அலுமாரியிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்த மூலப்பொருள் மலைபோல் கிடக்கிறது, தமிழில் கிடக்கிறது, பெரும்பகுதியை யாரும் தொடவில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், யாழ்ப்பாணத்தில் திசாவையாக, அதாவது நிர்வாக அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களை எழுதித் தொகுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களிடம் சரிபார்க்கக் கொடுக்கப்பட்டது. 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். டச்சில் எழுதி, தமிழில் முதலியார்களுக்குக் காட்டி, ஆங்கிலத்தில் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கத் தொகுப்பில் எது ஊரின் வழக்கம், எது எழுதியவரின் விளக்கம்? இந்தக் கேள்வி ஒன்றே ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதும்.

பழைய கதையாக மட்டும் அது முடிந்துவிடவில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. 1947இல் திருத்தம் வந்தது. தேடிய தேட்டம், அதாவது மணவாழ்வில் ஈட்டிய சொத்து, எது என்பதை முதற் சட்டம் ஒருவிதமாகவும் திருத்தம் வேறுவிதமாகவும் வரையறுத்தன. அதனால் சுன்னாகத்தில் ஒரு வளவை விற்கப் போகும்போது, அது பரம்பரையாக வந்த முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்பதோடு, தாத்தாவும் பாட்டியும் எந்த ஆண்டில் கலியாணம் செய்தார்கள், எந்த ஆண்டில் காணி வாங்கினார்கள் என்பதும் உறுதியைத் தீர்மானிக்கிறது. அந்தக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை எதிர்பார்க்கிறது. சீதனமாகத் தாய் கொடுத்த காணி, விற்கக் கணவன் கையொப்பம். கணவன் காணாமற்போயிருந்தால்? பிரிந்து வெளிநாட்டில் இருந்தால்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போர் முடிந்த பிறகு வடக்கில் எத்தனை பெண்கள் அப்படிப் போனார்கள், எவ்வளவு காலம் எடுத்தது, எத்தனை பேர் போகாமலேயே விட்டார்கள் என்பதை வழக்கேடுகளைப் புரட்டி எழுத வேண்டியவர் யார்? கொழும்பில் இருந்து இரவு பஸ் ஏறி வந்து போகும் மாணவரால் அதைச் செய்ய முடியாது. அரியாலையிலிருந்து சைக்கிளில் நீதிமன்றத்துக்குப் போகும் மாணவியால் முடியும்.

எச். டபிள்யூ. தம்பையா தேசவழமையைப் பற்றி விரிவாக எழுதியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். பின்னர் அவர் உயர் நீதிமன்ற நீதியரசராகவும் ஆனார். நீதிமன்றங்களில் அவர் எழுத்து மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அவர் எழுதும்போது பெருமளவு இடப்பெயர்வும் இல்லை, ரொறன்ரோவில் இருந்துகொண்டு வட்டுக்கோட்டைக் காணிக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதுவதும் இல்லை.

காணி விஷயத்தில் இன்னொன்று. ஒருவர் இன்னொருவரின் காணியைப் பத்தாண்டு தொடர்ந்து எதிர்ப்பின்றி ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். போரால் ஓடிப்போனவர் பத்தாண்டில் எப்படி எதிர்ப்புச் சொல்வார்? அதற்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, போர் காரணமாக உரிமையைத் தொடர முடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலம் எண்ணப்படக் கூடாது என்றது. வழக்குத் தொடுக்கக் காலவரையறையும் வைத்தது. அந்தச் சலுகையை வலிகாமம் வடக்கில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பதை அறிய நல்ல இடம், அந்த வழக்குகள் நடந்த நீதிமன்றத்தின் பதிவறை.

குற்றவியலிலும் பொதுச் சட்டத்திலும் ஆர்வம் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் பார்ப்பதற்கு இல்லை என்று சொல்ல முடியாது. 13ஆம் திருத்தத்தின் பின், தடுத்து வைக்கப்பட்டவரை மன்றில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு இருக்கிறது. 1996இல் நாவற்குழியில் காணாமற்போன இளைஞர்கள் தொடர்பான மனுக்கள் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்கு வந்தன. புங்குடுதீவு மாணவியின் கொலை வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று இங்கேயே அமர்ந்து 2017 செப்ரெம்பரில் தீர்ப்பளித்தது.

நாவற்குழி மனுக்களைச் சொல்லும்போது ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அவற்றில் தோன்றிய குமாரவடிவேல் குருபரன் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் தலைவர். பணியில் இருந்தபடி நீதிமன்றத்தில் தோன்ற அவருக்கு 2019இல் தடை வந்தது. 2020 ஜூலையில் அவர் பதவியை விட்டு விலகினார். காலையில் மன்றில் வாதாடியவர் பிற்பகலில் அதே சட்டத்தைக் கற்பிப்பது மாணவருக்கு எவ்வளவு பெரிய பேறு என்பதைப் பல்கலைக்கழகங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தைத் தேர்கிறவர், தொழில்முறை அனுபவத்தை வகுப்பறைக்கு வெளியேதான் தேட வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளட்டும். நகரத்துச் சட்டத்தரணிகள் பலர் மாணவர்களை அலுவலகத்தில் உட்காரவிடுகிறார்கள். முதலாம் ஆண்டிலேயே போய், "சேர், உறுதி வாசிக்கப் பழக வேண்டும்" என்று கேட்டால் மறுக்கிறவர் குறைவு.

நூலகத்தைப் பொறுத்தவரை பழைய இடைவெளி ஓரளவு குறைந்துவிட்டது. முன்பு 'புதிய சட்ட அறிக்கைகள்' (New Law Reports) என்ற பழைய தீர்ப்புத் தொகுப்பின் முழுத் தொகுதி எங்கே இருக்கிறது என்பதே ஒரு மாணவரின் தலைவிதியைத் தீர்மானித்தது. இப்போது அந்தத் தொகுதிகளும் 1978க்குப் பிந்திய இலங்கைச் சட்ட அறிக்கைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தம் புதிய தீர்ப்புகளைத் தத்தம் தளங்களில் இடுகின்றன. ஆனால் ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. தேசவழமையின் தொடக்கத்தைத் தேடுகிறவர் யாழ்தேவி ரயிலில் ஏறத்தான் வேண்டும். அதன் இன்றைய வாழ்வைத் தேடுகிறவர் யாழ்ப்பாணத்தில் இறங்கத்தான் வேண்டும்.

பேராதனையிலும் சட்டம் கலைப்பீடத்துக்குள் ஒரு துறை. நல்ல நூலகம், அமைதியான இடம், கண்டியச் சட்டத்தைப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு. யாழ்ப்பாணப் பிள்ளைக்கு அதைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மேலாக வைக்கத் தனிக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

திறந்த பல்கலைக்கழகம் வேறு வகையினருக்கானது. பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் உத்தியோகத்தர், ஆசிரியை, வங்கி ஊழியர், பொலிஸ் உத்தியோகத்தர் போன்றவர்கள் வேலையை விடாமல் சட்டம் படிக்க அது நல்ல வாசல். தெரிவுப் பரீட்சை உண்டு, கட்டணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது. உயர்தரத்தில் சட்டத்துக்குப் புள்ளி போதாமல் போன பிள்ளையும் இதை யோசிக்கலாம். தனியே உட்கார்ந்து படிக்கும் ஒழுக்கம் இல்லாதவர் இதில் இடையில் நின்றுவிடுவார். காணி அதிகாரியாகப் பத்தாண்டு வேலை பார்த்தவர் இங்கே படிக்க வந்தால், பகல் மாணவர்களுக்கு மூன்று ஆண்டில் விளங்குவது அவருக்கு ஒரு மாதத்தில் விளங்கும்.

தனியார் நிறுவனங்கள் வழியாகப் பிரித்தானியப் பட்டம் பெறும் வழியும் உண்டு. செலவு பெரிது, இங்கே தொழில் செய்ய மீண்டும் சட்டக்கல்லூரிக்கே வர வேண்டும், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. பணம் கட்டுமுன், சட்டக்கல்லூரியை நடத்தும் சட்டக் கல்விச் சபையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் இருப்பவர் சொல்வது பதில் ஆகாது.

அரச பல்கலைக்கழகங்களில் படிப்பு இலவசம், மகாபொல புலமைப்பரிசிலும் தகுதி உள்ளவருக்குக் கிடைக்கலாம். வேறுபாடு தங்குமிடத்திலும் சாப்பாட்டிலும்தான். வீட்டில் இருந்து திருநெல்வேலிக்குப் போகிறவருக்கும் கொழும்பில் அறை வாடகை கொடுக்கிறவருக்கும் நான்கு ஆண்டில் ஏற்படும் வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பல குடும்பங்களில் விவாதம் அந்தத் தாளோடு முடிந்துவிடும்.

பெண்பிள்ளை என்பதற்காக யாழ்ப்பாணம் என்று சின்னம்மா சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. பெண்பிள்ளைக்குக் கொழும்பு பொருத்தமானால் கொழும்புக்கே போகட்டும்.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுதும்போது பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். முப்பத்தைந்து வயதில் எந்தக் கட்டடத்துக்குள் இருக்க ஆசை? மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், வர்த்தக மேல் நீதிமன்றம் என்று பதில் வந்தால் கொழும்பை முதலில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தை இரண்டாவதாக வையுங்கள். விரிவுரை மண்டபம், ஆய்வு நிலையம், வடக்கின் மாவட்ட நீதிமன்றம் என்று வந்தால் யாழ்ப்பாணம் முதலில். பதிலே வரவில்லையென்றால், வகுப்புத் தொடங்குவதற்கு முன் இருக்கும் நீண்ட இடைவெளியில், ஒரு திங்கட்கிழமை காலை மல்லாகம் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் போய் உட்காரச் சொல்லுங்கள். மதிய இடைவேளை வரை அலுப்பின்றி இருந்தால் சட்டமே சரி. பத்து மணிக்கே கைத்தொலைபேசியை எடுத்தால் விண்ணப்பத்தின் அடுத்த வரியில் முகாமைத்துவத்தையும் சேர்த்து எழுதலாம்.